எல்லா மானிட்டரும் மஞ்சள்

ஆகஸ்ட் 2, சனி

ஆல்பம் அச்சடித்துத் தருகிற லேப்காரன் வருடா வருடம் ஒரு டைரி கொடுப்பான். இந்த வருடத்து டைரி ஏழு மாதமாக மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று உருவி எடுத்துவிட்டேன். மனதில் பட்டதை வாயால் சொன்னால் வீட்டிலும் சண்டை, கடையிலும் சண்டை. காகிதம் எதிர்த்துப் பேசாது.

இன்றைய விசேஷம், ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரர் கருப்பணன் ஃபோன் செய்தார். ஆனி மாதம் அவர் மகள் கல்யாணத்தை எங்கள் கடைதான் எடுத்தது. வீடியோவைப் பார்த்துவிட்டு மனிதர் சொல்கிறார்: "ஏனுங்க, எம் பொண்ணப் பாத்தா கெணத்துல இருந்து தூக்கிப் போட்டாப்ல இருக்குதுங்க. மூஞ்சியெல்லாம் நீலம் பூத்துக் கெடக்குது."

காலையில் கத்தரிக்காய் மூட்டைக்கு ஏலம் கூவுகிறவர் மாலையில் கலர் பேசுகிறார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. கேமராவிலிருந்து வரும் படம் கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளிறித்தான் இருக்கும். அதில் பட்டுக்குப் பட்டின் நிறமும் முகத்துக்கு முகத்தின் நிறமும் கொண்டுவருவதற்குப் பெயர்தான் கலர் வேலை. இருபது வருடத்துக்கு மேலாக திண்டுக்கல்லில் அதைச் செய்கிறவன் நான். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் சந்தேகம் என்றால் என்னிடம்தான் வருவார்கள்.

குருபாதத்திடம் சொன்னேன். இவன் என் மனைவி செண்பகத்தின் தம்பி, கடையில் பாதிப் பங்கு. கேமரா அவன் பொறுப்பு, எடிட்டிங் என் பொறுப்பு. பழைய கம்ப்யூட்டர் செத்துக்கொண்டிருக்கிறது, மானிட்டர் காலாவதியாகிவிட்டது, அதுதான் காரணம் என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, இன்னும் இரண்டு புகார் வந்தால் கலர் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம் மாமா என்றான்.

வேறு ஆள். கலர் என் கையை விட்டுப் போனால் அந்தக் கடையில் எனக்கு என்ன இருக்கிறது? வருகிறவர்களுக்கு டீ சொல்லி அனுப்பவா?

இந்த நேரம் பார்த்து ஜெசிந்தாவும் இல்லை. எங்களிடம் நாலு வருடமாக எடிட்டிங் பார்க்கிற பெண். செப்டம்பரில் கல்யாணம் என்று ஜூலைப் பாதியிலேயே லீவு போட்டுவிட்டது. தாயும் மகளும் மட்டும்தான், வேலைக்கு ஆளில்லை என்றது. நல்ல பெண்தான். ஆனால் நான் மாலையில் எழுந்து போன பிறகும் தினமும் அரை மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும். என்னம்மா என்றால், சும்மா ஒரு தடவை செக் பண்றேன் சார் என்று பதில். மதுரையில் இருக்கிற மாப்பிள்ளையோடு ஃபோனில் பேச்சு, எனக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புது கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவு. ரெடிமேடாக இல்லை, ஒவ்வொரு பாகமாக நானே தேர்ந்தெடுத்துப் பூட்டப் போகிறேன்.

ஆடியில் வாங்கக் கூடாதாம், குருபாதம் சொல்கிறான். ஆடித் தள்ளுபடியில் வேட்டி சட்டை எடுக்கலாம், கம்ப்யூட்டர் மட்டும் ஆவணி பிறந்துதான் வீட்டுக்குள் வர வேண்டுமாம். பெண் எடுக்கிற மாதிரி பேசுகிறான். சரி, பாகங்களைத் தேர்ந்தெடுக்க எனக்கும் நாள் வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

யூடியூபில் ஆலோசனை சொல்கிற பிள்ளைகளை மூன்று நாளாகப் பார்த்தேன். எல்லாருக்கும் தலையில் குல்லா, முதுகுக்குப் பின்னால் ஊதா விளக்கு. "மக்களே" என்று ஆரம்பிக்கிறார்கள். வாழ்நாளில் இவர்கள் எடிட் செய்தது இந்த வீடியோ ஒன்றாகத்தான் இருக்கும்.

பிராசஸரில் எத்தனை கோர் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். கேள்வி அதுவல்ல. குருபாதத்தின் புதுக் கேமரா படத்தை இறுக்கிச் சுருட்டித் தருகிறது. அந்தச் சுருட்டைத் தானே பிரித்துக் காட்டும் வசதி சில்லுக்குள் இருக்கிறதா, இல்லையா? அது இல்லையென்றால் எத்தனை கோர் இருந்தும் தாலி கட்டும் இடத்தில் படம் திக்கும். இதை ஒரு குல்லாவும் சொல்லவில்லை.

கிராபிக்ஸ் கார்டு, கேம் ஆடுகிறவர்கள் வாங்குகிற பூதம் வேண்டாம். நடுத்தரமானது, ஆனால் அதன் சொந்த மெமரி தாராளமாக இருக்க வேண்டும். ராம் அறுபத்து நாலு ஜி.பி. சேமித்து வைக்க எஸ்.எஸ்.டி. இரண்டு, சிஸ்டத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று. இரண்டையும் ஒன்றில் போட்டுவிட்டுப் பிறகு மெதுவாக ஓடுகிறதே என்று அழுகிறவனை நான் அறிவேன், பழனி ரோட்டில் கடை வைத்திருக்கிறான். பவர் சப்ளையில்தான் எல்லாரும் கை வைப்பார்கள். மற்றதையெல்லாம் உசத்தியாக வாங்கிவிட்டுக் கடைசியில் ஏதோ ஒரு தகர டப்பாவை மாட்டுவார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

கேபினெட் விஷயத்தில் குருபாதத்தோடு வாக்குவாதம். அவனுக்குக் கண்ணாடிக் கதவு வேண்டும், உள்ளே ஃபேன்களில் வர்ண விளக்கு ஓட வேண்டும். கலர் பார்க்கிற அறையில் சுவரே சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும், இவன் கரகாட்டம் வைக்கப் பார்க்கிறான். விளக்குமாற்றுக்குப் பட்டுக் குஞ்சலம். கஸ்டமர் வந்தால் கெத்தாக இருக்கும் மாமா என்கிறான். கடைசியில் விளக்கு இருக்கட்டும், நான் வேலை செய்யும்போது அணைத்து வைக்கலாம் என்று முடிந்தது.

உயிர்நாடி மானிட்டர். அதை நேரில் பார்க்காமல் வாங்க மாட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வேட்டி எல்லாம் பழுப்பேறிக் கிடக்கிறது. சொட்டு நீலம் இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடு என்று செண்பகத்திடம் இந்த மாதத்தில் மட்டும் எத்தனை முறை சொல்லியிருப்பேன். போட்டாச்சு என்கிறாள். போட்டால் இப்படியா இருக்கும்? இந்த வீட்டில் வேட்டி வெளுப்பதற்குக் கூட நான்தான் மேற்பார்வை பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஒட்டன்சத்திரம் போய் வந்தேன். கருப்பணனுடைய டிவியைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று குருபாதத்தையும் இழுத்துக்கொண்டு போனேன்.

போய்ப் பார்த்தால் டிவியில் ஒரு குறையும் இல்லை. என் படம் அங்கேயும் அச்சாக என் அறையில் இருந்த மாதிரியே இருந்தது. பெண்ணின் முகத்தில் பால் வடிகிறது, தக்காளிச் சிவப்பில் முகூர்த்தப் பட்டு. இதில் எங்கே நீலம் என்று கேட்டேன். கருப்பணன், அவர் மனைவி, மாமியார், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு கூட்டமே டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது.

கருப்பணன் மனைவி உள்ளே போய் பீரோவிலிருந்து புடவையையே எடுத்து வந்து டிவிக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்தார். "நீங்களே பாருங்க. இது தக்காளி. அதுல பீட்ரூட்டாட்டம் தெரியுது."

இரண்டும் பொருந்தவில்லைதான், மறைக்கவில்லை. ஆனால் குற்றம் என் படத்தில் இல்லை. புடவை செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. பீரோவில் பாச்சை உருண்டையோடு அடைத்து வைத்துச் சாயத்தைக் கெடுத்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். ஒரே தடவை கட்டிய புடவை, வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது என்றார் அந்த அம்மாள். கடைக்காரன் ஏமாற்றியிருக்கிறான் என்றேன். மோர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தோம்.

திரும்பும் வழியில் குருபாதம், புது கம்ப்யூட்டர் வந்ததும் ஒரு தடவை திருத்திக் கொடுத்துவிடலாம் மாமா என்றான். புடவைக்குச் சாயம் போனதற்கு நான் படத்தைத் திருத்த வேண்டுமாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

எதிரே வருகிற ஒருத்தனுக்கும் ஹெட்லைட்டை டிம் பண்ணத் தெரியவில்லை. சின்ன ஸ்கூட்டர் கூட ரயில் எஞ்சின் மாதிரி கண்ணில் அடிக்கிறது. வெளிச்சத்தைச் சுற்றி ஒளிவட்டம் வேறு, சாமி படத்தில் இருப்பது போல. லைசென்ஸ் கொடுத்தவனைச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆவணி பிறந்துவிட்டது. குருபாதத்துக்குத் திருப்தி. விடியற்காலை ரயிலில் சென்னை போய் ரிச்சி தெருவில் இறங்கினோம்.

அது தெருவா? ஒரு ஆள் நடக்கிற இடத்தில் மூன்று ஆட்கள், ஒரு மாட்டு வண்டி, தலையில் அட்டைப் பெட்டி சுமந்த நாலு பேர். நான் எழுதிக்கொண்டு போன பாகங்களைப் படித்த முதல் கடைக்காரன், சார் எந்த கேம் ஆடுவீங்க என்றான். ஐம்பத்தாறு வயது ஆளைப் பார்த்து. இரண்டாவது கடைக்காரன் பவர் சப்ளையைப் பாதியாகக் குறைத்து, ஒன்னும் ஆவாது சார் என்றான். மூன்றாவது கடையில் இம்தியாஸ் என்று ஒருவன், முப்பது வயதிருக்கும், விஷயம் தெரிந்தவன். கேமரா என்ன, படம் எத்தனை பிட் என்று கேட்டான். பிராசஸர், மதர்போர்டு, ராம், கார்டு எல்லாம் நான் நினைத்தபடியே அமைந்தன.

மானிட்டரில் வந்து நின்றோம். இவன் எடுத்து வைத்த முதல் மானிட்டரில் வெள்ளை மஞ்சளாக இருந்தது. அடுத்தது கொண்டு வா என்றேன். அதுவும் மஞ்சள். மூன்றாவது, தொழிற்சாலையிலேயே நிறம் சோதித்துச் சான்றிதழ் வைத்து அனுப்புகிற உயர்ந்த ரகம். பெட்டியைப் பிரித்து மாட்டினான். அது மஞ்சளுக்கு அண்ணன்.

"மஞ்சா எங்க சார் கீது? பக்கா ஒயிட்டு சார் இது."

திரையின் நிறத்தை அளக்கிற கருவி ஒன்று இருக்கிறது, உள்ளங்கை அகலம். அதைத் திரை மேல் தொங்கவிட்டு அளந்து காட்டினான். எல்லாம் சரி என்று அது சொன்னது. இதையும் சேர்த்து வாங்கிக்கோங்க சார், எடிட்டிங் பண்றவங்க எல்லாம் வச்சிருக்காங்க என்றான். கருவிக்குக் கண் இருக்கிறதா தம்பி என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"தப்பா நெனைக்காதீங்க சார். காமால கீமால எதுனா வந்துச்சா உங்களுக்கு?"

கடையை விட்டு வெளியே வந்துவிட்டேன். குருபாதம் என்னைத் திரும்ப உள்ளே அழைத்துப் போக அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அந்தச் சான்றிதழ் மானிட்டரையே எடுத்தோம். அமைப்பில் போய் நீலத்தை ஏற்றினால் வெள்ளை வெள்ளையாக வந்தது. அவ்வளவுதான் விஷயம், இதைச் செய்யத் தெரியாமல் ஒரு கடை நடத்துகிறான்.

ரயிலில் குருபாதம் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான். அக்கா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைக்கூட முழுதாகச் சாப்பிடவில்லை. இயந்திரங்கள் கிடைத்த சந்தோஷம் அவன் முகத்தில் கொஞ்சமும் இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

பூட்டி முடித்தாயிற்று. என் கையால். பிராசஸர் மேல் பசை தடவி, மேலே குளிர்விப்பானை அழுத்தி, ராம் இரண்டும் டக்கென்று உட்கார்ந்தது வரை ஒரு பிழை இல்லை. முதல் முறையே ஓடியது. குருபாதம் கண்ணாடிக் கதவில் சந்தனம் குங்குமம் வைத்தான். உள்ளே கரகாட்டம் நடக்கிறது. வைத்துக்கொள்ளட்டும்.

ராம் சொருகும்போது இடது பக்கத்து விளிம்பு தெரியவில்லை, டார்ச் அடிக்க வேண்டியிருந்தது. அறையில் பல்பு மங்கிவிட்டது, மாற்ற வேண்டும்.

செண்பகம் சாயங்காலம் மெல்ல ஆரம்பித்தாள். கண்ணை ஒரு தடவை மதுரைக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தால் என்ன என்கிறாள். பழுது கம்ப்யூட்டரில், வைத்தியம் கண்ணுக்கு. தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டுகிறது இவளுக்கு.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை சாப்பிட்டுவிட்டு கருப்பணன் வீட்டுக் கல்யாணத்தைப் புது மெஷினில் முதலிலிருந்து செய்தேன். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி ஓடுகிறது. தாலி கட்டும் இடத்தில் ஒரு சின்னத் திக்கல் இல்லை. இவ்வளவு நல்ல கலர் என் வாழ்நாளில் செய்ததில்லை. இதற்கு மேல் ஒருவன் குறை சொன்னால் அவன் மனிதனே இல்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

கருப்பணன் நேரிலேயே வந்துவிட்டார். பென் டிரைவை மேசை மேல் வைத்தார். சத்தம் போடவில்லை. "முன்னைக்கு இது மோசமுங்க. வேற யார்கிட்டயாவது குடுத்துப் பாத்துக்கறேன், படம் எடுத்ததை மட்டும் அப்படியே குடுத்துருங்க" என்றார். குருபாதம் அப்படியே காப்பி செய்து கொடுத்து அனுப்பினான்.

நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். மண்டபத்தில் நீ விளக்கு வைத்த லட்சணம்தான் இதற்கெல்லாம் காரணம், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"மாமா, நீங்க சொல்லிக் குடுத்துத்தான் நான் கேமராவையே தூக்குனேன். உங்கள விடக் கலர் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல இல்ல. ஆனா இனிமே ஜெசிந்தா பாக்கட்டும். மதுரையில இருந்து ரயில்ல வந்து போறேன்னு சொல்லுது. நீங்க சரின்னு சொன்னாத்தான் வருவேன்னும் சொல்லுது."

நாலு வருடம் முன்பு வெட்டி ஒட்டக்கூடத் தெரியாமல் வந்த பெண். நான் கற்றுக்கொடுத்த கலர். பேசி வைத்துவிட்டார்கள், செண்பகத்துக்கும் தெரியும் போலிருக்கிறது.

ஜெசிந்தா கல்யாணப் படத்தை நான்தான் செய்வேன், என் அன்பளிப்பாக என்று எப்போதோ சொல்லியிருந்தேன். அதைச் செய்துவிட்டுப் பேசுகிறேன் என்றேன். குருபாதம் ஒத்துக்கொண்டான். அது சரியாக வந்துவிட்டால் அவன் இனி வாயே திறக்க மாட்டானாம். வரவில்லை என்றால் நான் கலர் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும். மேசை, நாற்காலி, மெஷின் எல்லாம் நான் தேர்ந்தெடுத்தவை. எழுந்திருக்கிறதாம்.

செப்டம்பர் 3, புதன்

கடைக்குப் போனேன். வந்தேன்.

செப்டம்பர் 10, புதன்

காலையில் சர்ச்சில் ஜெசிந்தா கல்யாணம். நானும் செண்பகமும் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தோம். குருபாதம் கேமராவோடு முன்னால் ஓடிக்கொண்டிருந்தான்.

இவர்கள் கோயில் கல்யாணத்துக்கு வெள்ளைப் புடவைதான் கட்டுவார்கள். கலர் செய்கிறவனுக்கு வெள்ளையைப் போலச் சோதனை வேறில்லை. சிவப்பில் கொஞ்சம் முன்னே பின்னே போனால் யாருக்கும் தெரியாது, வெள்ளையில் எல்லாம் தெரிந்துவிடும். அதனால் அந்தப் புடவையை நேரில் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

பெண் உள்ளே வந்தது. முக்காடு, கையில் பூச்செண்டு, முகத்தில் நல்ல களை. ஆனால் புடவை சந்தன நிறம். எனக்குச் சிரிப்பு வந்தது. கலர் வேலை பார்க்கிற பெண், தன் கல்யாணத்துக்கே வெள்ளை எது சந்தனம் எது என்று தெரியாமல் எடுத்திருக்கிறது. செண்பகத்தின் காதில் சொன்னேன்.

அவள் பெண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வெள்ளதாங்க" என்றாள்.

சந்தனம் என்றேன்.

"பால் வெள்ளைங்க. பளீர்னு இருக்கு."

மாப்பிள்ளையின் சட்டையைப் பார்த்தேன். சந்தனம். பீடத்து விரிப்பு சந்தனம். சாமியாரின் அங்கி, பின்னால் சுவர், சுவரில் மாட்டியிருந்த லில்லிப் பூக்கள், எல்லாம் ஒரே சந்தனம். இத்தனை பேரும் சேர்ந்து என்னை ஏமாற்ற முடியாது. இங்கே மானிட்டர் இல்லை, கார்டு இல்லை, டிவி இல்லை. குனிந்து என் வேட்டியைப் பார்த்தேன். அந்த சர்ச் முழுக்க அது ஒன்றுதான் வெள்ளையாக இருந்தது.

செண்பகமும் என் வேட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டேன், இது என்ன நிறம் என்று.

"நீலம்" என்றாள். "நீங்க போடச் சொன்னதத்தான் போட்டேன். வெளிய வரும்போது நாலு பேரு பாக்குறாங்க, எனக்குத்தான் வெக்கமா இருக்கும்."

மோதிரம் மாற்றினார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள், நானும் நின்றேன். பயமாக இருந்தது. இத்தனை வயதில் ஒரு வெள்ளைப் புடவையைப் பார்த்துப் பயந்தவன் நானாகத்தான் இருப்பேன்.

செப்டம்பர் 11, வியாழன்

காய்ச்சல் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போகவில்லை. காய்ச்சல் இல்லை. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தேன், மாற்றி மாற்றி. இடது கண்ணில் சுவர் காவி வேட்டி மாதிரி இருக்கிறது. வலது பரவாயில்லை என்று சொல்லலாம், சொல்லி என்ன ஆகப் போகிறது?

நாற்காலி போயிற்று. நானே தள்ளிவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

புது மாப்பிள்ளை பெண்ணுக்கு எங்கள் வீட்டில் விருந்து. மாப்பிள்ளை சகாயம் மதுரையில் பள்ளிக்கூட வாத்தியார், அடக்கமான ஆள், நாட்டுக்கோழிக் குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். பத்து நாளாக ஜெசிந்தா கல்யாணப் படத்தை நான் தொடவே இல்லை. குருபாதமும் கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் செண்பகம் மாப்பிள்ளையை மாடித் தோட்டம் காட்ட அழைத்துப் போனாள். வேண்டுமென்றே போனாள் என்று நினைக்கிறேன். கூடத்தில் நானும் ஜெசிந்தாவும் மட்டும்.

தினமும் நான் போன பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து என்ன செக் பண்ணினாய் என்று கேட்டேன். அது வளையலைத் திருப்பிக்கொண்டே இருந்தது. சொல் என்றேன்.

"நீலத்த எடுப்பேன் சார்."

எவ்வளவு நாளாக என்றேன். ஒன்றரை வருடமாக என்றது. முதலில் கொஞ்சம்தான் இருந்ததாம். வர வர அதிகமாகிவிட்டதாம். லீவு போடுகிறதற்கு முன்னால் குருபாதத்திடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது, அவன் என்னிடம் சொல்லத் தைரியமில்லாமல் இருந்திருக்கிறான்.

கோபம் தலைக்கேறியது. எழுந்துவிட்டேன். என் வேலையில் எனக்குத் தெரியாமல் கை வைத்திருக்கிறாய், என் பெயரில் உன் கலரை வெளியே அனுப்பியிருக்கிறாய், எல்லாரும் சேர்ந்து என்னைப் பொம்மையாக உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கத்தினேன். மாடியில் பேச்சு நின்றது.

ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை. "சொன்னா கேட்ருப்பீங்களா சார்?" என்றது.

கேட்டிருக்க மாட்டேன். வேலையை விட்டே அனுப்பியிருப்பேன். அதற்குத் தெரிந்திருக்கிறது.

"கலர நான் மாத்தல சார். நீங்க செஞ்சதுல நீலத்த மட்டும் எடுத்தா, அடியில எல்லாம் அவ்ளோ சரியா இருக்கும். ஒவ்வொரு ஷாட்லயும் ஒரே அளவு நீலந்தான், கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. அது எனக்கு வராது."

ஆறுதலுக்குச் சொல்கிறாயா என்றேன். இல்லை என்று தலையாட்டியது. உட்கார்ந்தேன். பிறகு மாடியைப் பார்த்து, மதுரையில் எந்த ஆஸ்பத்திரி என்று செண்பகத்தைக் கேட்டேன். அவள் இறங்கி வருவதற்குள் பேர், நேரம், டாக்டர் எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். எப்போதோ விசாரித்து வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 6, திங்கள்

மதுரை. கண் ஆஸ்பத்திரி. அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோதுதான் இந்த ஊரில் இத்தனை பேருக்குக் கண்ணே தெரியாமல் இருந்திருக்கிறது என்று தெரிந்தது. ஹெட்லைட் போட்டுக்கொண்டு எதிரே வந்தவர்கள் எல்லாம் இவர்கள்தானோ என்னவோ. ஜெசிந்தா வீட்டிலிருந்து நேரே வந்து எங்களோடு சேர்ந்துகொண்டது. நான் வரச் சொல்லவில்லை, செண்பகத்தின் வேலை.

இரண்டு கண்ணிலும் புரை. இடது முற்றிவிட்டது, முதலில் அதை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். கலர் வேலையா என்று ஒரு முறை திரும்பக் கேட்டுவிட்டு, வேறொன்றும் சொல்லாமல் எழுதினார். நல்ல மனிதர்.

பிறகு லென்ஸ் தேர்ந்தெடுக்க வேறொரு அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், சின்னச் சின்னப் பெட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு. இது இந்தியாவில் செய்தது, இது வெளிநாடு, இது நீலத்தை வடிகட்டுகிற இளமஞ்சள் லென்ஸ், இது நிறமில்லாதது. ரிச்சி தெருவே வந்து உட்கார்ந்திருக்கிறது. வேறு நாளாக இருந்தால் ஒவ்வொன்றையும் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்திருப்பேன், அந்தப் பெண் அழுதிருக்கும். இன்று வாய் வரவில்லை. எந்தக் கண்ணை வைத்துக்கொண்டு தேர்ந்தெடுப்பேன்?

"நீயே சொல்லும்மா" என்றேன் ஜெசிந்தாவிடம்.

அது டக்கென்று நிறமில்லாததைத் தொட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெண் இன்னொன்று கேட்டது. லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் தெளிவாகத் தெரியுமாம், மற்ற தூரத்துக்குக் கண்ணாடி போட வேண்டுமாம். வண்டி ஓட்ட, டிவி பார்க்க என்றால் தூரத்துக்கு வைப்பார்களாம். முக்கால்வாசிப் பேர் அதைத்தான் வைத்துக்கொள்கிறார்களாம். ஐயாவுக்கு எது?

எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. இனி டிவிதான் பார்க்கப் போகிறேன். செண்பகமும் அதைத்தான் சொன்னாள், இனிமே வீட்ல ரெஸ்ட்தான், தூரத்துக்கே வைங்க என்று. சொல்லிவிட்டுக் கையிலிருந்த சீட்டை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"இல்லக்கா" என்றது ஜெசிந்தா. அந்த மேசை மேல் கையை நீட்டி, தன் முகத்துக்கும் விரல் நுனிக்கும் இடையில் இருக்கிற தூரத்தைக் காட்டியது. "இவ்ளோ தூரம் வைங்க. சார் மானிட்டர் முன்னாடி உக்காரணும். அதுவரைக்கும்தான் கலர நான் பாப்பேன்."

அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் மருந்து விட்டிருந்ததால் ஆஸ்பத்திரிக்காரர்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. நாளை அதைக் கடையில் என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு நான் உட்கார்ந்துகொள்ளப் போகிறேன்.